மஞ்சள் பெயின்ட் அடித்த ஆங்கர்

எனக்கு ரத்தக் கொதிப்பு. கோபப்படாதீர்கள் என்று சிங்கப்பூரில் என் மருத்துவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மாத்திரையைப் போட்டுக்கொண்டே பல வருடமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிற பெண்ணுக்கு வேறு வழி கிடையாது. கொக்கியை மாட்டு, பெல்ட்டைக் கட்டு, தலைக்கவசத்தைப் போடு என்று நாள் முழுக்க ஆண்களிடம் கத்துவதுதான் என் உத்தியோகம்.

இந்தத் தடவை பட்டறையில் என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தொழிற்சாலை கப்பல் நங்கூரச் சங்கிலிக்கு வளையம் செய்து கொடுக்கிறது. அந்த வளையத்தை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். அறுந்தால் வேண்டாம், தாங்கினால் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். தொழிற்சாலை செங்கல்பட்டில் இருக்க, எனக்கு அறை போட்டதோ நாவலூரில். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ தெரியவில்லை. போக வரக் காரில் உட்கார்ந்தே இடுப்பு கழன்றது.

காரோட்டி பாஸ்கர் அச்சரப்பாக்கத்துக்காரர். வீட்டில் நிலம் இருக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறார், இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கிரிக்கெட் வர்ணனைதான். "விக்கெட் போயிட்டே இருக்கு, இவர் மட்டும் ஆங்கர் ரோல் ஆடிக்கிட்டிருக்காரு" என்று ரேடியோ கத்தியது.

"ஆங்கர்னா என்னங்க இதுல?" என்றேன்.

"அவுட்டாவாம நின்னுகினே இருக்கறவன் மேடம். ரன்னு கூட அடிக்க மாட்டான். ஆனா அவன் போனா டீமே பூடும்."

நங்கூரம் என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் சோறு தின்றவள் நான். இந்த விளக்கம் எங்கள் பட்டறைக் கையேட்டில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

விடுதிக்கு வந்தால் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஆங்கர் ஒருவர் நான்கு பேரை ஒரே நேரத்தில் அதட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடப் போனால் பக்கத்து மேசையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர். "வெப்சைட்டுல ஆங்கர் டேக் உடைஞ்சிருக்கு, லிங்க்க கிளிக் பண்ணா எங்கயும் போகல" என்று ஒருவர் புலம்ப, "இந்த புராஜெக்ட்டுக்கு நீதான ஆங்கர், நீயே பாரு" என்று மற்றவர் கைகழுவினார். சுவரில் பெரிய சுவரொட்டி: வரப்போகிற வணிக வளாகத்துக்குக் கூட்டத்தை இழுக்கிற பெரிய கடை, அதாவது ஆங்கர் கடை, பிடித்துவிட்டார்களாம். கப்பலையே பார்த்திராதவர்கள் எல்லாரும் நங்கூரத்தை வைத்துக்கொண்டு ஜாம் ஜாம் என்று பிழைக்கிறார்கள். எனக்கு வந்த இட்லி மட்டும் ஆறிப்போயிருந்தது. சாம்பாரில் வெல்லத்தை எவர் போடச் சொன்னாரோ.

புதன்கிழமை காலை திரையை விலக்கினேன். ஏழாவது மாடி. கண்ணாடிக்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின. கொஞ்சம் கொஞ்சமாக ஓர் ஆள் இறங்கி என் முகத்துக்கு நேராக வந்தார். ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு பலகை, அதில் உட்கார்ந்து ரப்பர் துடைப்பானால் கண்ணாடியைத் துடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பில் பெல்ட் இருந்தது. பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு போனது. அது அவர் உட்கார்ந்திருந்த அதே பலகையில் கட்டியிருந்தது. பலகை விழுந்தால் பலகையோடு சேர்ந்து பத்திரமாக விழலாம்.

பல்கூடத் துலக்காமல் மொட்டை மாடிக்கு ஓடினேன்.

அங்கே கண்ட காட்சி இது. ஏசியின் வெளிப்பெட்டி வைத்த ஓர் இரும்பு ஸ்டாண்ட். அதன் காலில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கையில் பிடித்தபடி ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பிடிச் சுவரில் கயிறு உராயாமலிருக்க ஒரு கோணிப்பை. கயிற்றை இவர் விட விட அவர் இறங்குவார். ஓர் உயிர் தொங்குவது ஸ்டாண்டின் காலில். ஸ்டாண்டின் கால் நிற்பது வெறும் தரையில், ஒரு போல்ட்கூட இல்லை.

"ஆங்கர் எங்கேங்க?" என்று கத்தினேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. "நான் கீறேன் இல்ல மேடம்" என்றார்.

அவர் பெயர் வேலு. கீழே தொங்குகிறவர் அவருடைய அக்கா புருஷன் சேகர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். வாரத்தில் மூன்று நாள் கடல், மூன்று நாள் கண்ணாடி. இப்போதெல்லாம் கடலை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்றார். நான் திட்டத் திட்ட அவர் சிரித்தாரே தவிர கோபப்படவில்லை. "எங்க அக்கா கரையில மீன் வறுக்குது. வந்து சாப்புடு மேடம், கோவம்லாம் எறங்கிடும்."

கீழே போய் விடுதி மேலாளரைப் பிடித்தேன். கோட்டு, டை, வாயெல்லாம் சிரிப்பு. ஆங்கர் இல்லாமல் இனி ஓர் ஆளையும் இறக்கக் கூடாது என்றேன். "ஆங்கர் இருக்கே மேடம், ரிப்போர்ட்லயே இருக்கு" என்று காகிதத்தை நீட்டினார். இருந்தது, காகிதத்தில். எனக்குக் காகிதம் புதிதல்ல. எங்கள் பட்டறையிலும் அனுமதிச் சீட்டு சுவரில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆள் விழுந்திருக்கிறார். சிங்கப்பூர்ப் பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் கட்டிடம் கட்டும்போதே மாடிக் காங்கிரீட்டில் நாலு இரும்பு வளையம் பதித்து வைக்க எத்தனை செலவாகிவிடும்? போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினேன். அன்றைக்கு வேலையை நிறுத்தினார்.

சாதித்துவிட்ட திமிரோடு தொழிற்சாலைக்குப் போனால், இழுக்கும் இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகுகிறதாம், நாளை மறுநாள் வாருங்கள் என்றார்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வரவழைத்தார்களா என்று அங்கேயும் ஒரு பாட்டம் கத்தினேன்.

வியாழக்கிழமை சும்மா கிடந்தது. "மாமல்லபுரம் போலாம் மேடம், ரூம்ல குந்திகினு இன்னா பண்ணப் போறீங்க" என்றார் பாஸ்கர். முட்டுக்காட்டுப் பாலத்தில் படகுச் சவாரிக்காரர்களின் கார்கள் வழியை அடைத்து நின்றதில் முக்கால் மணி நேரம் போனது. போகும் வழியில் தம் வீட்டுக் குளியலறைக்குச் சாமான் வாங்க ஓர் இரும்புக் கடையில் நிறுத்தினார். "ஆங்கர் போல்ட் ஆறு குடு அண்ணாத்த, ஹீட்டர் மாட்டணும்." வெந்நீர்ப் பெட்டிக்கு ஆறு. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டுக் கோயிலுக்குப் போகிற யாளிக்கு அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்றேன். "ஆங்கர் கம்பிம்மா, ஆடாம நிக்கணும்ல" என்றார் சிற்பி. எனக்கு வயிறு எரிந்தது. வெந்நீருக்கு உண்டு, யாளிக்கு உண்டு, தொலைக்காட்சிக்கும் கிரிக்கெட்டுக்கும் உண்டு. ஏழு மாடி உயரத்தில் தொங்குகிற மனிதனுக்கு மட்டும் மச்சான்தான்.

குப்பத்தில் வேலுவின் அக்கா கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசனை அழைத்துப் போனது. மணலில் ஒரு தள்ளுவண்டி, பெரிய இரும்புச் சட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா சுமதி சங்கரா மீனை மிளகாய்த்தூளில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி ஒன்றில் சேகர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்த ஆள் இந்தப் பக்கம் சிரிக்கவில்லை.

"நீதான அந்த சிங்கப்பூர் மேடம்? நீ கத்திட்டுப் போயிட்ட. எங்களுக்கு வேல போச்சு. இன்னா பேஜாரு இது?"

"உங்க உயிருக்காகத்தாங்க கத்தினேன்."

"என் உசுரு என் மச்சான் கைல கீது. அவன் கை எனக்குத் தெரியும். அலையில போட்ட கயிற அவன் புடிச்சிகினு குந்துனா நான் தூங்குவேன்."

பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த வேலு மீன் முள்ளை நாய்க்குப் போட்டார். ஆனால் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

சுமதி தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அந்த ஏசி ஸ்டேண்டு தாங்குமா மேடம்? இதுங்க ரெண்டும் உண்மைய சொல்லாதுங்க. நீ சொல்லு."

"தாங்காது" என்றேன்.

"எங்க வூட்டுப் பொம்பளைய எதுக்கு பயமுறுத்தற?" என்று சேகர் எழுந்துவிட்டார். "நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஆங்கர்லாம் போட்டாச்சாம். போன் வந்துச்சு."

நான் சுமதியிடம்தான் பேசினேன். நாளைக்கு நான் மாடிக்குப் போய்ப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அவர் இறங்குவார், இது என் பொறுப்பு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்குக் கை. மீன் மிக நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். சிங்கப்பூரில் அந்த விலைக்கு வெறும் வாசனைதான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. எட்டு மணிக்குத்தான் வேலை தொடங்கும் என்று விடுதியில் சொன்னார்கள். ஏழரைக்கு நாஸ்தா சாப்பிட உட்கார்ந்தேன். சர்க்கரை போடாத காப்பி கேட்டால் சர்க்கரைப் பாகு வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் பாகு. பரிமாறுகிறவரோடு மல்லுக்கு நின்றேன், அவருடைய மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். காப்பிக்காக. சண்டையில் ஜெயித்து நிமிர்ந்தபோது சன்னலுக்கு வெளியே ஈரக் கயிறு ஒன்று மேலேயிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வேலை ஏழரைக்கே தொடங்கிவிட்டது.

மாடிக்கு ஓடினேன். ஆங்கர் போட்டிருந்தார்கள், ஆமாம். அதே ஸ்டாண்டுதான். அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஆங்கர் பாயின்ட் என்று ஆங்கிலத்தில் கறுப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, கயிறு சுற்றிய இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"வேலு, மேல ஏத்துங்க அவர! உடனே ஏத்துங்க!"

வேலு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் ஸ்டாண்டின் கால் தரையில் கிரீச்சென்று இழுபட்டது. ஒரு சாண், அப்புறம் ஒரு முழம். வேலுவின் கைகள் தயங்கவே இல்லை. இரண்டையும் தளர்த்தி, சரசரவென்று கயிற்றை விட்டார். பிடிக்க வேண்டிய நேரத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், தாராளமாக விட்டார்.

கீழேயிருந்து ஓர் அலறல். நான் கயிற்றின் மேல் விழுந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. "புடி! புடிடா!" என்று கத்தினேன். அதற்குள் வேலுவும் பிடித்துவிட்டார். ஸ்டாண்ட் கைப்பிடிச் சுவரில் போய் முட்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடி உயரத்துக்குச் சறுக்கிய சேகர், வலது கை பலகைக் கயிற்றில் சிக்கி முறுக்கிக்கொள்ள, ஒற்றைக் கையில் தொங்கினார். நாலாம் மாடி பால்கனியிலிருந்து இரண்டு பேர் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

"ஏன்டா விட்ட? பாவி, ஏன்டா விட்ட?" வேலுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் பாஸ்கர் காரிலேயே ஏற்றினோம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு, எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லிச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். பாஸ்கர் அன்று ரேடியோவைப் போடவே இல்லை. ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார்.

மருத்துவமனையில் சேகரை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே சுவரோரம் குந்தியிருந்த வேலு தானாகவே பேசினார்.

"கடல்ல நங்கூரம் இழுத்துகினு போச்சுன்னா கயிறு வுடுவோம் மேடம். வுட வுடத்தான் அது படுத்து, மண்ணக் கவ்வும். இறுக்கிப் புடிச்சா பேத்துகினு வந்துடும். சின்னதுலேர்ந்து அதான். கைல கயிறு நவுந்துச்சு, கை வுட்டுச்சு. நான் வுடல மேடம், கை வுட்டுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இது எனக்குத் தெரியும். கப்பலிலும் அதேதான். நங்கூரம் வழுக்கினால் சங்கிலியை இன்னும் விடு என்றுதான் எந்தத் தலைமாலுமியும் சொல்வார். கடலில் சரியானதைத்தான் அந்தக் கைகள் செய்தன. தப்பு, அந்தக் கைகளை ஆங்கர் என்று நம்பி ஏழு மாடிக் கட்டிடத்தைத் துடைக்கச் சொன்னவர்களுடையது. முதல் நாளே மேலே ஏறிப் பார்த்தும், மூன்றாம் நாள் காப்பிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னுடையதும்தான்.

"அக்காகிட்ட எப்படி சொல்வேன்?" என்றார் வேலு. "இதுக்கு மேல அது என் மூஞ்சில முழிக்குமா?"

சுமதி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முந்தானையில் மாவு அப்படியே இருந்தது. என்ன ஆச்சு என்று தம்பியைக் கேட்டாள். ஸ்டாண்டு நகர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார் வேலு. பிறகு என்னைப் பார்த்தாள். நீ பார்த்துக்கொள்வதாகச் சொன்னாயே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மருத்துவர் வந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, தோளில் தசைநார் எலும்பைவிட்டுப் பிய்ந்திருக்கிறது, எலும்பில் ஆங்கர் வைத்துத் தைக்க வேண்டும் என்றார். "ஆங்கர்னா இன்னா மேடம்?" என்று சுமதி என்னைக் கேட்டாள். குட்டி திருகாணி, எலும்புக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்றேன். கடைசியில் அந்த மனிதனுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. எரிச்சலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மத்தியானம் மேலாளர் வந்தார். ஆரஞ்சுப் பழப் பை ஒரு கையில், காகிதம் இன்னொரு கையில். கட்டிலில் சேகர், ஒரு பக்கம் சுமதி, தள்ளிச் சுவரோரம் வேலு, கால்மாட்டில் நான். ஆப்பரேஷன் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் வாங்கிப் படித்தேன். மாடியிலிருந்த பணியாளர் தவறுதலாகக் கயிற்றை விட்டதால் விபத்து நேர்ந்தது. அவ்வளவுதான். ஸ்டாண்டைப் பற்றி ஓர் எழுத்தில்லை.

"நீங்களே பாத்தீங்கல்ல மேடம்? அவரு கயித்த விட்டாரா இல்லையா? சாட்சிக்கு நீங்களும் ஒரு சைன் போடுங்க."

பொய் என்றால் கிழித்து எறிந்திருப்பேன். உண்மையை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், படுபாவி. "ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடிச்சத எழுதுங்க" என்றேன். அது வேற விஷயம் மேடம் என்றார், சிரிப்பு மாறாமல்.

சுமதி மெதுவாக எழுந்தாள். "வுட்டியாடா?" என்று தம்பியைக் கேட்டாள். "என் புருசன் தொங்கினு இருக்கும்போது கயித்த வுட்டியா?"

வேலு தலையைத் தூக்கவில்லை. "வுட்டேன்க்கா."

 சுமதி கையை ஓங்கினாள். சேகர் கண்ணைத் திறந்து இடது கையால் அவள் புடவையைப் பிடித்தார்.

"ஸ்டாண்டு இழுத்துதா?" என்று வேலுவைக் கேட்டார்.

"இழுத்துது மாமா. ஒரு மொழம்."

 சேகர் மேலாளர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் மேல குந்தி, இவன் கீழ தொங்கினு இருந்தா நானும் வுட்டுருப்பேன் சார். எங்க குப்பத்துல எவனா இருந்தாலும் வுட்டுருப்பான். அத்தயும் எழுதிக்க. எழுதிட்டு குடு, போடறேன் கையெழுத்து."

மேலாளர் பேனாவை மூடினார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, அந்தக் காகிதத்தில் மஞ்சள் பெயின்ட்டிலிருந்து எழுதத் தொடங்கினேன்.